சட்டத்தின் முன் சமத்துவமும் சமூக நீதியும்: வன்னியின் மலையகக் குடியேற்றங்களை முன்வைத்து ஒரு நோக்கு

1. பிரச்சினை

சமத்துவம் நவீன பொதுச் சட்டத்தின் அடிப்படைக் கருத்துக்களுள் ஒன்று என்பதில் சட்டவியலாரிடையே கருத்து வேறுபாடு கிடையாது. யாருக்கு, எவற்றில், எந்நாளிலிருந்து சமத்துவம் என்ற வினாக்கள் எழும்பொழுதே கருத்துக்கள் பிரிகின்றன. அரசுக்கும் மக்களுக்குமிடையிலான உறவை ஒழுங்குபடுத்துவதே பொதுச் சட்டம் எனக் கொள்வோமாயின், இவ்வினாக்கள் நீதிமன்றத்துக்குள் மட்டும் விவாதிக்கப்படவேண்டியவை அல்ல என்பது புலனாகும். அவை நிலத்தோடும் உழைப்போடும் பாடசாலையோடும் கோயில் வாசலோடும் தொடர்புடையவை. இலக்கிய ஆய்வைப் புலமாகக் கொண்ட நாம் இத்துறையிற் புகுவதற்கு இதுவே நியாயமாகும். சட்டமும் ஒரு பனுவலே. பனுவலின் பொருளை அது தோன்றிய சமூக உறவுகளிலிருந்து பிரித்து அறிய முடியாது என்பது வரலாற்றுப் பொருள்முதல்வாத ஆய்வு நெறியின் பாலபாடம்.

இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொள்ளும் களம் வவுனியாவும் அதனைச் சூழ்ந்த வன்னிப் பெருநிலமும். அங்கு வாழும் மலையக வம்சாவளித் தமிழ் மக்களின் வரலாற்றை உரைகல்லாகக் கொண்டு, 'சட்டத்தின் முன் யாவரும் சமம்' என்னும் கோட்பாடு எதனைத் தருகிறது, எதனைத் தராது விடுகிறது என்பதை ஆராய்வதே நமது நோக்கம். வன்னியின் குடிப்பரம்பல் பற்றிய முழுமையான வரலாற்றை இங்கு எழுத முயலவில்லை.

2. இருவகைச் சமத்துவம்

சமத்துவம் பற்றிய கருத்து இருவகைப்படும். ஒன்று, சட்டம் தன் முன் நிற்போரிடையே வேற்றுமை காட்டலாகாது என்பது. இதனை வடிவச் சமத்துவம் எனலாம். மற்றது, தன் முன் நிற்போர் எத்தகைய நிலையிலிருந்து வந்து நிற்கின்றனர் என்பதையும் சட்டம் கணக்கில் எடுத்தல் வேண்டும் என்பது. இதனை உள்ளடக்கச் சமத்துவம் எனலாம். சமூக நீதி என்ற தொடர் பெரும்பாலும் இவ்விரண்டாவது பொருளிலேயே வழங்கி வருகின்றது.

வடிவச் சமத்துவத்தின் எல்லையை மார்க்ஸ் 1875இல் எழுதிய கோதா வேலைத்திட்டம் பற்றிய விமர்சனத்திலே தெளிவுபடுத்தினார். சமமற்ற மனிதரை ஒரே அளவுகோலால் அளக்கும் உரிமை, அதன் உள்ளடக்கத்தில் சமமின்மைக்கான உரிமையாகவே அமைகின்றது என்பது அவர் வாதத்தின் சாரம். வேறொரு கோணத்திலிருந்து அம்பேத்கரும் இவ்விடத்துக்கே வந்து சேர்ந்தார். இந்திய அரசியலமைப்பு நிர்ணய சபையில் 1949 நவம்பர் 25ஆம் நாள் ஆற்றிய உரையில், அரசியலிற் சமத்துவமும் சமூக பொருளாதார வாழ்விற் சமத்துவமின்மையும் ஒருங்கே நிலவும் முரண்பாட்டினுள் நாடு நுழையவிருப்பதை அவர் எச்சரித்தார்.

அவ்வெச்சரிக்கை ஈராண்டுக்குள் மெய்ப்பட்டது. சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி ஆணையை, செண்பகம் துரைராஜன் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் 1951இல் செல்லாதென்று தீர்த்தது. சாதி நோக்காது ஒவ்வொருவரையும் தனியாளாகவே காணவேண்டும் என்பது அத்தீர்ப்பின் நோக்காகும். தமிழகத்தில் எழுந்த எதிர்ப்பின் பின்னணியில் அதே ஆண்டிற் செய்யப்பட்ட முதலாவது அரசியலமைப்புத் திருத்தம், சமூக நிலையிலும் கல்வியிலும் பின்தங்கிய வகுப்பினருக்குச் சிறப்பு ஏற்பாடு செய்யும் அதிகாரத்தை 15ஆம் உறுப்புரையிற் சேர்த்தது. 1976இல், கேரள மாநிலம் தொடர்பான தோமஸ் வழக்கில், இத்தகைய ஏற்பாடு சமத்துவத்துக்கு விதிவிலக்கன்று, சமத்துவத்தின் ஓர் அம்சமே என்ற நிலைப்பாடு வலுப்பெற்றது. இருபத்தைந்து ஆண்டுகளில் நிகழ்ந்த இம்மாற்றத்துக்கு நீதிபதிகளின் அறிவுத் தெளிவு மட்டும் காரணமாகாது. நீதிமன்றத்துக்கு வெளியே நடந்த சமூகப் போராட்டங்கள் சட்டச் சொல்லின் பொருளை மாற்றின.

இலங்கையின் நிலை வேறானது. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை, சட்டத்தின் முன் ஆட்கள் யாவரும் சமமானவர் என்று கூறுகின்றது. இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியற் கருத்து, பிறந்த இடம் முதலிய காரணங்களாற் பாரபட்சம் காட்டுவதைத் தடை செய்கின்றது. ஆனால் சிறப்பு ஏற்பாட்டுக்கு இடமளிக்கும் 12(4) பெண்கள், சிறுவர், வலுவிழந்தோர் ஆகியோரை மட்டுமே குறிப்பிடுகின்றது. சாதி காரணமாகவோ, நிலமின்மை காரணமாகவோ, நாடற்றோராக வைக்கப்பட்ட வரலாறு காரணமாகவோ பின்தள்ளப்பட்டோர் அங்கு இடம்பெறவில்லை. பாரபட்சம் காட்டலாகாத காரணங்களின் பட்டியலிற் சாதி உண்டு. பாரபட்சத்தின் விளைவை நீக்குவதற்கான பட்டியலில் அது இல்லை. இவ்விடைவெளியே நமது விசாரணையின் தொடக்கப் புள்ளியாகும்.

3. பிரஜாவுரிமை: நடுநிலையான சொற்களின் அரசியல்

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தை வாசிக்கும் ஒருவர் அதில் 'இந்தியத் தமிழர்' என்ற சொல்லைத் தேடிக் களைப்படைய வேண்டியதில்லை. அச்சட்டம் எந்தச் சமூகத்தையும் பெயர் சுட்டி விலக்கவில்லை. நியமிக்கப்பட்ட தினத்துக்கு முன்னர் இலங்கையிற் பிறந்த ஒருவர் வம்சாவளிப் பிரசையாவதற்கு, அவருடைய தந்தை இலங்கையிற் பிறந்திருத்தல் வேண்டும். அன்றேல் தந்தையின் தந்தையும் அவருக்குத் தந்தையும் இலங்கையிற் பிறந்திருத்தல் வேண்டும். நிபந்தனை எல்லோருக்கும் பொதுவானது. ஆனால் கிராமத்தில் வாழ்ந்த சிங்கள விவசாயியிடமோ யாழ்ப்பாணத்து வேளாளரிடமோ பாட்டனின் பிறப்புப் பதிவை எந்த அலுவலரும் கேட்கவில்லை. லயக் காம்பராவில் வாழ்ந்த தொழிலாளியிடம் மட்டுமே அது கேட்கப்பட்டது. சட்டத்தின் சொல் பொதுவாயிருந்தது; ஐயம் ஒரு சாராருக்கே உரியதாயிற்று.

இந்திய பாகிஸ்தானிய வதிவோர் (பிரஜாவுரிமை) சட்டம் 1949இல் நடைமுறைக்கு வந்தது. மணமானவர் ஏழாண்டும் மணமாகாதவர் பத்தாண்டும் தொடர்ச்சியாக வதிந்தமையை நிறுவவேண்டும் என்று அது விதித்தது. எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் சார்பில் விண்ணப்பங்கள் செய்யப்பட்டன. ஏற்றுக்கொள்ளப்பட்டோர் தொகை ஒன்றரை இலட்சத்தை எட்டவில்லை. அதே ஆண்டிற் செய்யப்பட்ட தேர்தற் சட்டத் திருத்தம் வாக்குரிமையைப் பிரசைகளுக்கு மட்டுமே உரியதாக்கியது. 1947இல் மலையகத் தொழிலாளர் தம் பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியிருந்தனர். 1952இல் அவ்வாறு ஒருவரையும் அனுப்ப இயலவில்லை. தோட்டத் தொழிலாளரின் வாக்கு பல தொகுதிகளில் இடதுசாரிகளின் பலமாயிருந்தது என்பதையும் இங்கு மனங்கொள்ளல் வேண்டும். இனவாதமும் வர்க்க நலனும் ஒரே சட்டத்தில் ஒருங்கிணைந்தன.

இச்சட்டங்கள் சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவுக்கு முரணானவை என்ற வாதம் நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்டது. பிற சமூகத்தவருக்கு விதிக்கப்படாத தடைகளை ஒரு சமூகத்தவருக்கு விதிக்கும் சட்டம் செல்லாது என்பதே அப்பிரிவின் பொருள். கேகாலை மாவட்டத்தில் வாக்காளர் இடாப்பிலிருந்து நீக்கப்பட்ட ஒருவரின் முறையீட்டை விசாரித்த மீளாய்வு அலுவலர் இவ்வாதத்தை ஏற்றார். உயர் நீதிமன்றம் அதனை மறுத்தது. கொடக்கன்பிள்ளை எதிர் முதன்நாயக்க என அறியப்படும் இவ்வழக்கில், இலண்டனிலிருந்த கோமறைக் கழகமும் 1953இல் உயர் நீதிமன்றத்தின் முடிவையே உறுதி செய்தது. தன் பிரசைகள் யாவர் என வரையறுப்பது சட்டவாக்கத்தின் இயல்பான பணி என்றும், குடிபெயரும் வழக்கம் ஒருவரின் பிரஜாவுரிமைத் தகுதியோடு தொடர்புடைய விடயமேயன்றிச் சமூகப் பாரபட்சமாகாது என்றும் அங்கு நியாயம் கூறப்பட்டது. அம்மக்களைக் குடிபெயர வைத்தது எது, கோப்பித் தோட்டமும் தேயிலைத் தோட்டமும் அவர்களை எவ்வாறு கொண்டுவந்தன என்ற வினாவுக்கு அந்த நியாயத்தில் இடமிருக்கவில்லை. முதலாளித்துவம் உழைப்புச் சக்தியைக் கடல் கடத்திக் கொணர்ந்தது. சட்டம் அக்கடப்பையே உழைப்பாளியின் குறைபாடாக்கியது.

இதனை ஏகாதிபத்திய நீதிமன்றமொன்றின் குறுகிய நோக்கு என ஒதுக்கிவிடுதல் எளிது. ஆயின், 29ஆம் பிரிவையே இல்லாமற் செய்த 1972ஆம் ஆண்டு யாப்பு, 1948இல் இச்சட்டங்களை எதிர்த்து நின்ற இடதுசாரிகளுள் ஒருவரான கொல்வின் ஆர். டி சில்வா அரசியலமைப்பு விவகார அமைச்சராயிருந்தபொழுது ஆக்கப்பட்டது. மார்க்சியர் என்ற வகையில் இவ்வரலாற்றை மழுப்பிச் செல்லும் உரிமை நமக்கில்லை.

1964 ஒக்டோபர் 30ஆம் நாள் செய்யப்பட்ட சிறிமா - சாஸ்திரி உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேர் 1974ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். பங்கிடப்பட்டோரின் விருப்பம் எங்கும் கேட்கப்படவில்லை. நாடற்ற நிலையைச் சட்ட அளவில் முடிவுக்குக் கொண்டுவந்தது 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமாகும். 1948இலிருந்து கணக்கிட்டால் ஐம்பத்தைந்து ஆண்டுகள்.

4. வன்னி: உரிமையின்றி வந்தோரும் உறுதியின்றி நின்றோரும்

மலையக மக்கள் வன்னிக்கு வந்தமைக்கு மூன்று அலைகளைக் குறிப்பிடலாம். 1958ஆம் ஆண்டு வன்செயலின் பின் வந்தோர் முதலாவது அலையினர். 1970களின் முற்பகுதியில் நிலவிய உணவுத் தட்டுப்பாடும், 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தையடுத்துத் தோட்டங்களில் நிகழ்ந்த வெளியேற்றங்களும் இரண்டாவதற்குக் காரணமாயின. 1977 ஓகஸ்ட் வன்செயல் மூன்றாவதும் பெரியதுமான அலையைத் தோற்றுவித்தது. வவுனியாவைத் தளமாகக் கொண்டு எஸ். ஏ. டேவிட், மருத்துவர் இராஜசுந்தரம் ஆகியோர் நடத்திய காந்தீயம் அமைப்பு அக்காலத்தில் இம்மக்களைக் குடியமர்த்தும் பணியில் ஈடுபட்டது. இருவரும் 1983 ஏப்ரலிற் கைது செய்யப்பட்டனர்; இராஜசுந்தரம் அவ்வாண்டு யூலையில் வெலிக்கடைச் சிறைப் படுகொலையிற் கொல்லப்பட்டார். டொலர் பாம், கென்ற் பாம் ஆகிய குடியேற்றங்களிலிருந்து மலையகக் குடும்பங்கள் 1984இல் வெளியேற்றப்பட்டு, அங்கு சிறைக்கைதிகள் குடியமர்த்தப்பட்டனர். அவர்களுட் பலரும் அவ்வாண்டு நவம்பரில் விடுதலைப் புலிகளின் தாக்குதலில் உயிரிழந்தனர். ஏழையை ஏழைக்கு எதிரே நிறுத்தும் அரசியலின் கொடூரமான எடுத்துக்காட்டு அது.

நமது நோக்கத்துக்கு முக்கியமானது, இம்மக்கள் நிலத்தோடு கொண்ட உறவின் தன்மையாகும். இலங்கையின் நிலத்தில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு அரசுக்குரியது. அதனைப் பகிரும் முறையை வகுத்தது 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம். நிலமற்ற விவசாயியைக் காப்பதே அதன் பிரகடனப்படுத்தப்பட்ட நோக்கம். எனினும் இலங்கையிற் பூர்விக வதிவிடம் கொண்டோரையே அது கருத்திற் கொண்டிருந்தமையால், இந்தியத் தொழிலாளர் தொடக்கத்திலேயே அதன் எல்லைக்கு வெளியே நிறுத்தப்பட்டனர். இரணைமடுக் குளத்தின் கீழும் பிற பெருங்குளங்களின் கீழும் நீர்பாயும் வயற்காணிகள் குடியேற்றத் திட்டங்கள் மூலம் பகிரப்பட்டபொழுது இம்மக்கள் அங்கில்லை. இருந்திருப்பினும் உரித்துடையோராகக் கருதப்பட்டிருக்கமாட்டார்கள். மத்தியதர வகுப்பினருக்கென வழங்கப்பட்ட காணிகள் வடக்கின் உத்தியோகத்தரையும் வணிகரையும் சென்றடைந்தன.

எனவே 1970களில் வந்தோருக்கு எஞ்சியவை காடும் நீர்பாயாத மேட்டுநிலமுமே. காட்டை வெட்டியவர் அவர். வெட்டிய நிலத்தின் உரித்தாளர் வேறொருவர் என்ற நிலை பல பண்ணைகளிற் காணப்பட்டது. கிளிநொச்சியின் மலையாளபுரம், பாரதிபுரம், கிருஷ்ணபுரம் போன்ற குடியிருப்புகளும், வவுனியாவில் 1990களில் இந்தியாவிலிருந்து திரும்பியோருக்கான முகாமாகத் தொடங்கிய சிதம்பரபுரமும் இவ்வரலாற்றின் வெவ்வேறு கட்டங்களைக் காட்டுவன. தோட்டத்திற் கூலியாக இருந்தவர் வயலிற் கூலியானார். இடம் மாறிற்று, உற்பத்தி உறவு மாறவில்லை.

வன்னியைப் பற்றிய புனைகதைகள் இவ்வுறவின் சில கூறுகளைச் சட்ட ஏடுகளுக்கு முன்னரே பதிவு செய்தன. அ. பாலமனோகரனின் நிலக்கிளி (1973) வன்னிக் கிராம வாழ்வை நாவலுலகுக்குக் கொண்டுவந்தது. செங்கை ஆழியானின் காட்டாறு அக்கிராமங்களை உறிஞ்சும் அதிகாரிகளையும் செல்வரையும் அம்பலப்படுத்தியது. ஆனால் மேட்டுநிலக் குடிசையில் வாழ்ந்த மலையகத்தவர் தம் வாழ்வைத் தாமே எழுதுவதற்கு இன்னும் பல ஆண்டுகள் செல்லவேண்டியிருந்தது. எழுத்திலும் காணியுறுதி உடையோரே முதலில் இடம்பெறுவர் போலும்.

காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் இன்னொரு கூறும் நோக்கத்தக்கது. பின்னுரித்தாளர் பெயர் குறிக்கப்படாதவிடத்து, அதன் மூன்றாம் அட்டவணை மகளுக்கு முன் மகனை வைத்தது. வாழ்க்கைத் துணையாகிய பெண் மறுமணம் செய்தால் உரிமை இழந்தாள். 1978ஆம் ஆண்டு யாப்பு பால் அடிப்படையிலான பாரபட்சத்தைத் தடை செய்த பின்னரும், ஆணுக்கு முன்னுரிமை அளித்த இவ்வட்டவணை 2022ஆம் ஆண்டுத் திருத்தம் வரை நடைமுறையில் இருந்தது. போர் ஆயிரக்கணக்கான குடும்பங்களைப் பெண்களின் பொறுப்பில் விட்டுச்சென்ற பிரதேசத்தில் இது வெறும் சட்ட நுணுக்கமன்று.

5. நீதிமன்றத்தின் வாசல்

உரிமை ஏட்டில் இருந்தால் அதனை நீதிமன்றத்திற் பெற்றுக்கொள்ளலாமே என்று கேட்கப்படலாம். அவ்வாசலின் அமைப்பைச் சற்று நோக்குவோம்.

முதலாவதாக, 126ஆம் உறுப்புரை. அடிப்படை உரிமை மீறப்பட்டவர் ஒரு மாத காலத்துக்குள் உயர் நீதிமன்றத்துக்கு மனுச் செய்தல் வேண்டும். மீறல் நிறைவேற்று அல்லது நிருவாகச் செயலால் நிகழ்ந்ததாயும் இருத்தல் வேண்டும். ஒரு குறித்த நாளில் ஓர் அதிகாரி இழைத்த தீங்கை இவ்வமைப்பு காணவல்லது. மூன்று தலைமுறையாகச் சேர்ந்த இழப்பை அது காணமாட்டாது. ஒரு மாதம் என்ற கால அளவுக்குள் 1935உம் 1948உம் அடங்கா.

இரண்டாவதாக, 16ஆம் உறுப்புரையும் 80(3)உம். முன்னையது, யாப்புக்கு முற்பட்ட சட்டங்கள் அடிப்படை உரிமைகளுக்கு முரணாயினும் செல்லுபடியாகும் என்கிறது. பின்னையது, நிறைவேற்றப்பட்ட சட்டத்தின் செல்லுபடியை நீதிமன்றம் வினவுவதைத் தடுக்கிறது. மேலே கூறிய பின்னுரிமை அட்டவணை நெடுங்காலம் நிலைத்தமைக்கு இதுவே காரணம். அரசின் செயலைச் சமத்துவத்தின் பெயரால் எதிர்க்கலாம். சட்டத்தை எதிர்க்க வழியில்லை.

மூன்றாவதாக, 1979ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க அரச காணிகள் (உடைமை மீட்பு) சட்டம். அதிகாரமுடைய அலுவலர் முப்பது நாளுக்குக் குறையாத அறிவித்தல் கொடுத்து, நீதவானிடம் வெளியேற்றக் கட்டளை கோரலாம். காணியில் இருப்பவர் அங்கு கூறக்கூடிய எதிர்வாதம் ஒன்றே: தம்மிடம் அரசின் செல்லுபடியான அனுமதிப்பத்திரமோ வேறு எழுத்து மூல அதிகாரமோ உண்டு என்பது. எத்தனை ஆண்டுகள் அங்கு வாழ்ந்தார், காட்டை வெட்டியவர் யார், கிணறு தோண்டியவர் யார், எந்த வன்செயல் அவரை அங்கு கொணர்ந்தது என்பன நீதவானின் விசாரணைக்கு உட்படா. இச்சட்டம் யாரையும் இனம் சுட்டிப் பாகுபடுத்தவில்லை. பத்திரம் உடையோரையும் இல்லாதோரையும் மட்டுமே பிரிக்கின்றது. எவரிடம் பத்திரம் இல்லை என்பதை முந்திய சட்டங்கள் ஏற்கெனவே தீர்மானித்துவிட்டன.

நான்காவதாக, தூரம். பதின்மூன்றாவது திருத்தத்தின் பின் மாகாண மேல் நீதிமன்றங்கள் எழுத்தாணை வழங்கும் நியாயாதிக்கம் பெற்றன. வவுனியாவிலுள்ளோர் வவுனியாவிலேயே நிருவாக முடிவை வினவலாம் என்ற வாய்ப்பு அதனால் ஏற்பட்டது. ஆனால் ஸ்ரஃபர்ட் தோட்டம் தொடர்பான வழக்கில், 2013 செப்டெம்பரில் உயர் நீதிமன்றம் அரச காணி மாகாணத்துக்குப் பகிரப்பட்ட விடயமன்று எனத் தீர்த்தது. ஆகவே மேற்கூறிய சட்டத்தின் கீழான வெளியேற்ற அறிவித்தலை மாகாண மேல் நீதிமன்றம் வினவ முடியாதாயிற்று. இவ்வழக்கு அதிகாரப் பகிர்வு பற்றியதாகவே பெரிதும் விவாதிக்கப்பட்டது. அதன் தொடக்கம் ஒரு தோட்டக் காணியிலிருந்து தமிழர் ஒருவரை வெளியேற்றும் அறிவித்தல் என்பது அவ்விவாதங்களில் மறக்கப்பட்டது. மலைநாட்டில் எழுந்த வழக்கின் தீர்ப்பு வன்னியின் மேட்டுநிலத்தையும் தொட்டது. அரச காணி தொடர்பான எழுத்தாணையை வேண்டுவோர் இனி மேன்முறையீட்டு நீதிமன்றத்தை நாடி ஏறத்தாழ 250 கிலோமீற்றர் சென்று கொழும்பை அடையவேண்டும். நாட்கூலி பெறுபவருக்கு அத்தூரமே ஒரு தீர்ப்பு.

6. அகமுரண்பாடு

இதுவரை கூறியவற்றை, பெரும்பான்மை அரசு சிறுபான்மைக்கு இழைத்த அநீதி என்று மட்டும் சுருக்கிவிடலாமா? சுருக்கலாகாது என்பதற்கு வவுனியாவின் பாராளுமன்ற வரலாறே சான்று பகர்கின்றது.

1947இல் வவுனியாத் தொகுதியிலிருந்து சுயேச்சையாகத் தெரிவானவர் சி. சுந்தரலிங்கம், கணிதப் பேராசிரியராயிருந்தவர், டி. எஸ். சேனநாயக்காவின் அமைச்சரவையில் வர்த்தக அமைச்சர். 1948 டிசம்பரில் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் மசோதாவின் இரண்டாம் வாசிப்பின்போது அவர் வாக்கெடுப்பிற் பங்குபற்றாது சபையை விட்டு வெளியேறினார்; அதன் விளைவாக அமைச்சுப் பதவியையும் இழந்தார். அச்செயலின் துணிவை ஏற்றுக்கொள்ளல் வேண்டும். அதே சுந்தரலிங்கம் 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில், ஒடுக்கப்பட்ட சாதியினரின் ஆலயப் பிரவேசத்தை எதிர்த்து முன்னணியில் நின்றார். 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டத்தின் கீழ் அவர்மீது வழக்குத் தொடரப்பட்டது. அவ்வழக்கும் கோமறைக் கழகம் வரை சென்றது. பாராளுமன்றத்திற் சமத்துவத்துக்காகப் பதவி இழந்தவர், கோயில் வாசலிற் சமத்துவத்துக்கு எதிராக வழக்காடினார்.

இதனை ஒரு தனிமனிதரின் விசித்திரமாகக் கொள்ளுதல் தவறு. தமக்கு மேலுள்ளோரிடம் சமத்துவம் கோருவதும் தமக்குக் கீழுள்ளோருக்கு அதனை மறுப்பதும் யாழ்ப்பாண நிலவுடைமை வர்க்கத்தின் பொதுவான அரசியற் பண்பாகும். கே. டானியலின் பஞ்சமர் முதலிய ஆக்கங்கள் காட்டும் சமூகம் அதுவே. 'தோட்டக்காட்டான்' என்ற வசைச்சொல் வன்னியிற் பிறந்தது பெரும்பான்மை இனத்தவரின் நாவில் அன்று.

கல்வி பற்றிய விவாதத்திலும் இம்முரண்பாடு வெளிப்பட்டது. 1970களின் தொடக்கத்தில் மொழிவாரியாகச் செய்யப்பட்ட தரப்படுத்தல் தமிழ் மாணவருக்கு இழைக்கப்பட்ட அப்பட்டமான பாரபட்சம். அதனைத் தொடர்ந்து வந்த மாவட்டப் பங்கீடு வேறு தன்மையது. 1970களின் இறுதியில் 30 வீதம் திறமைக்கும் 55 வீதம் மாவட்டங்களுக்கும் 15 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் எனப் பகிரப்பட்ட முறை, பின்னர் 40, 55, 5 என்ற விகிதமாயிற்று. வவுனியா, மன்னார், முல்லைத்தீவு மாவட்டத்து மாணவருக்குப் பல்கலைக்கழக வாசலைத் திறந்ததில் இம்முறைக்குப் பங்குண்டு. யாழ்ப்பாணத்துக்கு இழப்பாகத் தோன்றியது வன்னிக்கு வாய்ப்பாயிற்று. இரண்டையும் 'தரப்படுத்தல்' என்ற ஒரே சொல்லால் அழைத்து ஒருசேரக் கண்டித்தமை, வர்க்க நலன் மொழியைக் கையாளும் முறைக்கு நல்ல எடுத்துக்காட்டு.

எனினும் மாவட்டம் என்ற அலகும் போதியதன்று. வவுனியா நகரப் பாடசாலையில் ஆசிரியரின் பிள்ளையும், மேட்டுநிலக் குடியிருப்பிற் கூலித் தொழிலாளியின் பிள்ளையும் ஒரே மாவட்டத்தவராகவே கணிக்கப்படுகின்றனர். பின்தங்கிய மாவட்டத்தின் முன்னேறிய பிரிவினரே பங்கீட்டின் பெரும்பயனைப் பெறுவர். 2021 ஓகஸ்ட் முதல் வவுனியாவில் தனிப் பல்கலைக்கழகம் இயங்குகின்றது. அப்பல்கலைக்கழகத்தின் வாசலைக் காட்டை வெட்டியோரின் பிள்ளைகளுள் எத்தனை பேர் கடக்கின்றனர் என்பதே சமூக நீதியின் வினா.

7. சில மறுப்புகளும் முடிவும்

நமது வாதத்துக்கு மூன்று மறுப்புகள் எழக்கூடும். பிரஜாவுரிமைப் பிரச்சினை 2003இல் தீர்ந்துவிட்டது. இனி அவர்களும் ஏனையோரைப் போன்ற பிரசைகளே என்பது முதலாவது. பிரஜாவுரிமை தீர்ந்தது மெய். ஆனால் பிரசையாக இருந்திருந்தால் அந்த ஐம்பத்தைந்து ஆண்டுகளிற் பெற்றிருக்கக்கூடிய காணியும் கல்வியும் உத்தியோகமும் அச்சட்டத்தோடு சேர்த்து வழங்கப்படவில்லை. ஓட்டப் பந்தயத்தின் நடுவே ஒருவரின் விலங்கை அவிழ்த்துவிட்டு, இனி இருவரும் சமமாக ஓடலாம் என்று கூறுவது நீதியாகாது.

உள்முரண்பாடுகளைப் பேசுவது ஒடுக்கப்பட்ட இனத்தின் ஒற்றுமையைக் குலைக்கும் என்பது இரண்டாவது. நாம் மறுதலையாகவே கருதுகின்றோம். தன்னுள் நிலமற்றோரையும் சாதியால் ஒடுக்கப்பட்டோரையும் சமமாக ஏற்காத இயக்கம், சமத்துவத்தின் பெயரால் அரசிடம் கேட்கும் கோரிக்கையைத் தானே வலுவிழக்கச் செய்கின்றது. அதிகாரம் கொழும்பிலிருந்து மாகாணத்துக்கு வருவது அவசியம். வந்த பின் காணிக் கச்சேரியில் யார் பெயர் வாசிக்கப்படும் என்பது அதனினும் அவசியமான வினா.

மூன்றாவது மறுப்பு நமது அணியினரிடமிருந்தே வருவது. சட்டம் ஆளும் வர்க்கத்தின் கருவி. அதில் நீதி தேடுவது வீண் என்பர். சட்டம் வர்க்க உறவுகளின் வெளிப்பாடு என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயின் ஈ. பி. தொம்சன் பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கிலேயச் சட்டம் பற்றிய தமது 1975ஆம் ஆண்டு நூலிற் காட்டியவாறு, தன்னை நீதியெனக் காட்டிக்கொள்ள வேண்டியிருப்பதாலேயே சட்டம் ஆள்வோரையும் ஓரளவு கட்டுப்படுத்துகின்றது. அவ்வெல்லைக்குள் போராடுவதும் வர்க்கப் போராட்டத்தின் ஒரு களமே. காணி அனுமதிப்பத்திரம் புரட்சியன்று. அது இல்லாத குடும்பத்துக்கோ முப்பது நாள் அறிவித்தல் என்பது கோட்பாட்டு விவாதமன்று.

இவற்றினின்று பெறப்படும் முடிவுகளைச் சுருங்கக் கூறலாம். சிறப்பு ஏற்பாட்டுக்கு இடமளிக்கும் 12(4), சமூக பொருளாதார நிலையாற் பின்தள்ளப்பட்டோரையும் வெளிப்படையாக உள்ளடக்குமாறு விரிவாக்கப்படல் வேண்டும். முந்திய சட்டங்களைச் சமத்துவத்தின் பரிசீலனைக்கு அப்பால் வைக்கும் 16ஆம் உறுப்புரை நீக்கப்படல் வேண்டும். நீண்டகாலம் அரச காணியில் வாழ்ந்து அதனைப் பண்படுத்தியோரின் வரலாறு, உடைமை மீட்பு விசாரணையிற் செவிமடுக்கப்படும் எதிர்வாதமாதல் வேண்டும். பங்கீடுகள் மாவட்டத்தை மட்டுமன்றி, மாவட்டத்துள் அமைந்த வர்க்க நிலையையும் கருத்திற் கொள்ளல் வேண்டும். இவற்றுள் எதுவும் நீதிமன்றத்தின் கருணையால் மட்டும் வாராது. செண்பகம் துரைராஜன் தீர்ப்பின் பின் தமிழகத்தில் நிகழ்ந்ததுபோல, தீர்ப்பின் பொருளை மாற்றும் வலிமை மக்களின் அமைப்புரீதியான இயக்கத்துக்கே உண்டு.

சட்டத்தின் முன் சமத்துவம் ஒரு வெற்றியே. அதனைக் குறைத்து மதிப்பிட நாம் முற்படவில்லை. ஆனால் அது பயணத்தின் தொடக்கமாகும். வன்னியின் மேட்டுநிலக் குடியிருப்புகளில் வாழ்வோருக்குச் சட்டத்தின் முன் நிற்பதற்கு ஓர் இடம் கிடைத்துவிட்டது. நிலத்தின் மேல் நிற்பதற்கான இடம் அவர்களுட் பலருக்கும் இன்னும் உறுதியாகவில்லை. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தை அளப்பதும், அதனைக் குறைக்கப் போராடுவோருக்குத் துணைநிற்பதும் நமது ஆய்வாளரின் கடன்.